நேரம் குறித்து வைத்த வேலை ஓடவில்லையா? அறிகுறி வாரியாகக் கோளாறு பார்ப்பது எப்படி

இரவு பேக்கப், காலையில் முதலாளிக்குப் போகும் விற்பனை அறிக்கை, மாதத் தொடக்கத்தில் வாடிக்கையாளர்களுக்குப் போகும் நிலுவை எஸ்எம்எஸ். சின்ன நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த மூன்றைச் சுற்றித்தான். "நேத்து ராத்திரி பேக்கப் ஓடலை சார்" என்று ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் புதுக் கோளாறு போலத் தெரியும். தோண்டினால் பழைய காரணங்களில் ஒன்றுதான் கிடைக்கும். அவற்றை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத, எளிய காரணம் முதலில் வரும்.

முக்கியமாகப் பேசப்போவது உபுண்டு, டெபியன் சர்வர்களில் குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானைப் பற்றி. விண்டோஸ், வேர்ட்பிரஸ், என்8என் (பணிகளைத் தானாக ஓட்டும் கருவி) போன்றவற்றுக்குப் பின்னால் தனிப் பகுதி உண்டு. கட்டளைகளை ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில், சின்ன எழுத்தாகவே அடியுங்கள். 'பாத்', 'ஷெல்', 'கிரான்_டிஇசட்' போன்ற மாறிகளின் பெயர்கள் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில்; 'பெர்சிஸ்டென்ட்', ஏசியா/கொல்கத்தா போன்றவற்றில் பெயரின் முதல் எழுத்து பெரியது.

## எதையும் மாற்றுவதற்கு முன்: வேலை ஆரம்பித்ததா?

நேரத்தை மாற்றிப் பார்ப்பது, சர்வரை ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் அப்புறம். முதலில் லாக்கைத் திறங்கள். உபுண்டுவில் /வார்/லாக்/சிஸ்லாக் கோப்பில் 'கிரான்' என்று பெரிய எழுத்தில் தேடினால் போதும். டெபியன் 12 முதல் அந்தக் கோப்பு இயல்பாக இருப்பதில்லை. அங்கே 'ஜர்னல்சிடிஎல் -யு கிரான்' என்று கேட்க வேண்டும். ரெட்ஹேட் வகைச் சர்வர் என்றால் /வார்/லாக்/கிரான்.

குறித்த நேரத்துக்கு நேராகப் பயனர் பெயர், 'சிஎம்டி' என்ற சொல், பக்கத்தில் உங்கள் கட்டளை என ஒரு வரி இருக்க வேண்டும். வரியே இல்லை என்றால் அறிகுறி 1. வரி இருக்கிறது, வேலை நடக்கவில்லை என்றால் அறிகுறி 2 அல்லது 5. வரி வேறு நேரத்தில் இருக்கிறது என்றால் அறிகுறி 3.

ஒன்று கவனியுங்கள். அந்த வரிக்கு 'கிரான் கட்டளையைக் கிளப்பி விட்டது' என்று மட்டுமே பொருள். வேலை முடிந்ததா, உருப்படியாக முடிந்ததா என்பதெல்லாம் கிரானுக்குத் தெரியாது. லாக்கில் வரி இருப்பதைப் பார்த்துவிட்டு "பேக்கப் ஓகே" என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.

## அறிகுறி 1: லாக்கில் வரியே இல்லை

கிரான் உயிரோடு இருக்கிறதா? 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கிரான்' என்று கேளுங்கள். டாக்கர் கன்டெய்னருக்குள் ஸ்கிரிப்ட் வைத்திருந்தால், அதற்குள் கிரான் பெரும்பாலும் நிறுவப்பட்டே இருக்காது. நிறுவியிருந்தாலும் யாரும் அதைக் கிளப்பியிருக்க மாட்டார்கள். அந்த மாதிரி இடங்களில் வெளியே உள்ள சர்வரின் கிரானிலிருந்து கன்டெய்னருக்குள் கட்டளை அனுப்புவதுதான் தலைவலி குறைந்த வழி.

வேறு பயனரின் பட்டியலில் பார்க்கிறீர்களா? கிரானின் வேலைப் பட்டியலுக்குக் கிரான்டேப் என்று பெயர். 'கிரான்டேப் -எல்' உங்கள் பட்டியலைக் காட்டும். முன்னால் 'சுடோ' சேர்த்தால் ரூட்டின் பட்டியல் வரும். இரண்டும் வேறு வேறு. வேலையை விட்டுப்போன ஆள் தன் பெயரில் வைத்துவிட்டுப் போன பட்டியலும் இருக்கலாம். /வார்/ஸ்பூல்/கிரான் அடைவுக்குள் ஆளுக்கொரு கோப்பாக இருக்கும்.

அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்ததா? அலுவலக மூலையில் இருக்கும் டெஸ்க்டாப்பையே சர்வராக ஓட்டும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். இரவு 2 மணிக்குக் கரண்ட் போனால் 2 மணி வேலை போனது போனதுதான். கணினி திரும்ப வந்ததும் விட்டதைப் பிடிக்கும் பழக்கம் கிரானுக்குக் கிடையாது. அதற்கு அனக்ரான் உண்டு. சிஸ்டம்டி டைமர் வைத்து அதில் 'பெர்சிஸ்டென்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கினாலும் சரி.

கோப்பின் பெயரில் புள்ளி இருக்கிறதா? தினசரி வேலைகளுக்கான 'கிரான்.டெய்லி' அடைவில் ஸ்கிரிப்டைப் போட்டிருந்தால், அதன் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. 'பேக்கப்.எஸ்எச்' என்று பெயர் வைத்தால் டெபியனும் உபுண்டுவும் சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்திகூட வராது. வாலை வெட்டிவிட்டு 'பேக்கப்' என்று மட்டும் வையுங்கள். இயக்கும் அனுமதியும் வேண்டும். 'கிரான்.டி' அடைவிலும் இதே பெயர் விதிதான். கூடவே அங்கே நேரத்துக்குப் பின் எந்தப் பயனராக ஓட வேண்டும் என்ற ஆறாவது இடமும் உண்டு. அதை விட்டுவிட்டால் உங்கள் கட்டளையின் முதல் சொல்லையே பயனர் பெயராக எடுத்துக்கொள்ளும்.

கடைசி வரிக்குப் பின் எண்டர் தட்டியிருக்கிறதா? சிரிப்பாக இருக்கும், ஆனால் நிஜம். கோப்பை வேறெங்கோ எழுதிக் கொண்டுவந்து போடும்போது கடைசி வரியின் முடிவில் வரி முறிவு இல்லையென்றால் அந்த வரி ஓடாது.

கிரான் சேவையே எழவில்லை, எழுப்பினாலும் மறுபடி விழுகிறது என்றால் கோளாறு கிரானில் இல்லை. மெமரி, டிஸ்க், சிஸ்டம் அப்டேட் என்று எங்கோ அடியில் இருக்கிறது. சர்வர் பார்க்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் விழுகிறது

இருப்பதிலேயே அதிகம் வருவது இதுதான். காரணம் ஒரே வகை: நீங்கள் லாகின் செய்து உட்காரும் டெர்மினலில் உங்களுக்காகத் தயாராக இருக்கும் பல விஷயங்கள் கிரானுக்கு இல்லை.

முதலில் அது என்ன சொல்லி விழுகிறது என்று கேளுங்கள். சர்வரில் அஞ்சல் மென்பொருள் இல்லாவிட்டால் கிரான் வெளியீட்டைக் குப்பையில் போட்டுவிடும். லாக்கில் 'நோ எம்டிஏ இன்ஸ்டால்ட்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும். ஆகவே கட்டளையின் கடைசியில் >> போட்டு ஒரு லாக் கோப்பின் முழுப் பாதையை எழுதி, அதற்குப் பின் 2>&1 சேருங்கள். வரிசை மாறக் கூடாது. 2>&1 முன்னால் வந்தால் பிழைச் செய்தி கோப்புக்கு வராது, நமக்கு வேண்டியதே அதுதான். அடுத்த முறை ஓடியதும் கோப்பைத் திறந்து பாருங்கள்.

### 'நாட் ஃபவுண்ட்' என்கிறது

டெர்மினலில் கட்டளைகளைத் தேடும் பாதை நீளமானது. கிரானுக்குக் கிடைப்பது இயல்பாக /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டு மட்டும். நோட், காம்போசர், நீங்களே நிறுவிய கருவிகள் எல்லாம் வேறு இடத்தில் இருக்கும். 'விச்' என்ற கட்டளையால் முழுப் பாதையைக் கண்டுபிடித்து அதையே எழுதுங்கள். கிரான்டேப்பின் முதல் வரியிலேயே 'பாத்' மாறியை முழுதாக எழுதிவைப்பதும் சரி. ஆனால் அங்கே டாலர் குறி போட்டுப் பழைய பாதையோடு சேர்க்கும் வித்தை பலிக்காது. கிரான்டேப் அதை அப்படியே எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

நோடை என்விஎம் வழியாக நிறுவியவர்கள் '.பாஷ்ஆர்சி' கோப்பை ஸ்கிரிப்டுக்குள் இழுத்துப் பார்ப்பார்கள். உபுண்டுவில் அதுவும் வேலைக்காகாது. எதிரே ஆள் உட்கார்ந்து தட்டும் டெர்மினல் இல்லையென்றால் அந்தக் கோப்பு தன் தொடக்க வரிகளிலேயே திரும்பிவிடும். பைத்தானுக்கு விர்ச்சுவல் என்விரான்மென்ட் வைத்திருந்தால் அதைத் திறந்து மூடும் வேலையே வேண்டாம். அதற்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் கொடுத்தால் போதும்.

'சோர்ஸ்' இல்லை, இரட்டைச் சதுர அடைப்பு இல்லை என்று புகார் வந்தால் அது ஷெல் பிரச்சினை. கிரான் /பின்/எஸ்எச் கொண்டு ஓட்டும். டெபியன், உபுண்டுவில் அது பாஷ் அல்ல, டாஷ். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதுங்கள், அல்லது கிரான்டேப்பின் மேலே 'ஷெல்' மாறியில் /பின்/பாஷ் கொடுங்கள்.

### 'நோ சச் ஃபைல்' என்கிறது

கிரான் வேலையை வீட்டு அடைவிலிருந்து ஆரம்பிக்கும். நீங்கள் ப்ராஜெக்ட் அடைவுக்குள் நின்றுகொண்டு ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரிப்டின் இரண்டாவது வரியில் 'சிடி' போட்டு அடைவின் முழுப் பாதையை எழுதிவிடுங்கள்.

### 'பேட் இன்டர்பிரெட்டர்' என்று வந்து, பக்கத்தில் ஒரு தொப்பிக் குறி

ஸ்கிரிப்டை விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டியிருக்கிறது. 'டாஸ்2யுனிக்ஸ்' கட்டளை சரி செய்துவிடும்.

### 'பெர்மிஷன் டினைட்' என்கிறது, அல்லது லாக் கோப்பில் எதுவுமே வரவில்லை

யாரோ ஒருமுறை சுடோ போட்டு ஓட்டிப் பார்த்திருப்பார்கள். அப்போது உருவான லாக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டது. அதன் பிறகு சாதாரணப் பயனரின் கிரானால் அதில் எழுத முடியாது. இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளியீட்டுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்றால் ஷெல் உங்கள் கட்டளையை ஓட்டவே ஓட்டாது. லாக் எழுதத்தானே முடியவில்லை, வேலை நடந்திருக்கும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் உண்டு. 'எல்எஸ் -எல்' கொண்டு சொந்தக்காரர் யார் என்று பார்த்து, 'சோன்' (சி-எச்-ஓ-டபிள்யூ-என்) கொண்டு மாற்றுங்கள்.

### கட்டளை பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது

லாக்கில் உள்ள 'சிஎம்டி' வரியைக் கூர்ந்து பாருங்கள். கட்டளை % குறி வந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறதா? பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்கும் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டுவார்கள். கிரான்டேப்பில் % என்றால் வரி முறிவு என்று அர்த்தம். அதற்குப் பின்னால் இருப்பது கட்டளையாக ஓடாது, கட்டளைக்கு உள்ளீடாகப் போய்ச் சேரும். ஒவ்வொரு % குறிக்கும் முன்னால் \ போடுங்கள். இன்னும் நல்லது, தேதி வேலைகளை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டுக் கிரான்டேப்பில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் எழுதுவது. நான் கிரான்டேப்பில் நீளமான கட்டளை எழுதுவதை நிறுத்தியே விட்டேன்.

### இன்னொரு சர்வருக்குக் கோப்பு அனுப்பும்போது மட்டும் விழுகிறது

எஸ்எஸ்எச் சாவிக்குக் கடவுச்சொல் வைத்திருப்பீர்கள். லாகின் செய்தவுடன் ஏஜென்ட் அதை நினைவில் வைத்திருப்பதால் கையால் ஓட்டும்போது சிக்கல் தெரியாது. கிரானுக்கு அந்த ஏஜென்ட் இல்லை. அந்த வேலைக்கென்று மட்டும், குறைந்த உரிமையோடு, கடவுச்சொல் இல்லாத தனிச் சாவி உருவாக்கிக் கொடுப்பதுதான் வழக்கம். எந்தப் பயனராகக் கிரான் ஓடுகிறதோ, அதே பயனராக ஒருமுறை கையால் இணைந்து, 'இந்தச் சர்வரை நம்பலாமா' என்ற கேள்விக்குப் பதில் கொடுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் அடங்காவிட்டால், ஒரு நிமிடத்துக்கு மட்டும் ஐந்து நட்சத்திர வரி (நிமிடந்தோறும் ஓடும் * * * * *) ஒன்று போட்டு, 'என்வ்' கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் டெர்மினலின் 'என்வ்' வெளியீட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது குறைகிறது என்று கண்ணில் படும். பார்த்து முடித்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 3: ஓடுகிறது, நேரம்தான் தப்பு

### சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி ஓடுகிறது

காலை 6 மணிக்கு வர வேண்டிய அறிக்கை 11:30க்கு வந்தால் வேறெதையும் தேட வேண்டாம். கிளவுட் சர்வர் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் இருக்கிறது. 'டேட்' என்று அடித்தால் தெரிந்துவிடும். இந்தியா, இலங்கை நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்து எழுத வேண்டும்: நம் காலை 6 மணி, யுடிசியில் 0:30. அதாவது, நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்ற வரிசையில்

30 0 * * *

தினசரி வேலைக்கு இது போதும். கிழமையோ தேதியோ சேர்ந்தால் கணக்கு இடறும். நம் திங்கள் காலை 5 மணி என்பது யுடிசியில் ஞாயிறு இரவு 23:30. '30 23 * * 1' என்று எழுதினால் நமக்குச் செவ்வாய் காலைதான் ஓடும். மாதம் 1-ஆம் தேதி காலை 5 மணி இன்னும் மோசம். யுடிசியில் அது போன மாதத்தின் கடைசி நாள். 'மாதத்தின் கடைசி நாள்' என்று சொல்ல வழக்கமான கிரானில் வழியே இல்லை. வேலையைக் காலை 5:30க்கோ அதற்குப் பின்னோ தள்ளி வைத்துவிட்டால் இரண்டு ஊரிலும் ஒரே தேதி. பலருக்கு அதுவே போதும்.

சர்வரின் நேர மண்டலத்தையே மாற்றலாமா? 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் ஏசியா/கொல்கத்தா என்று மாற்றலாம். மாற்றியதும் கிரானை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதே சர்வரில் பில்லிங் மென்பொருளும் டேட்டாபேஸும் இருந்தால் தொடாதீர்கள். பழைய பதிவுகள் ஒரு நேரத்திலும் புதியவை வேறு நேரத்திலும் விழுந்து கணக்கு குழம்பும். அதை எழுதியவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது.

ரெட்ஹேட் வகையில் கிரான்டேப்பின் மேலேயே 'கிரான்_டிஇசட்' என்று நேர மண்டலத்தைக் குறிக்கலாம். டெபியன், உபுண்டுவின் வழக்கமான கிரானில் அதை நம்ப வேண்டாம்.

லண்டன், டொராண்டோ வாசகர்களுக்கு: வருடம் இருமுறை கடிகாரம் மாறும் ஊர்களில் இரவு 1 முதல் 3 மணி வரைக்குள் எந்த வேலையையும் வைக்காதீர்கள். அந்த ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் காணாமல் போகும், அல்லது இருமுறை வரும்.

### ஒருமுறை ஓட வேண்டியது அறுபது முறை ஓடியது

* 6 * * *

இப்படி எழுதியிருப்பீர்கள். 'ஆறு மணிக்கு' என்று நினைத்து எழுதியது. கிரான் படிப்பதோ 'ஆறு மணிக்குள் வரும் ஒவ்வொரு நிமிடமும்'. 6:00 முதல் 6:59 வரை அறுபது முறை. முதல் நட்சத்திரத்தை 0 ஆக்குங்கள். இது எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையாக இருந்தால் வாடிக்கையாளர்கள் போன் செய்து சொல்லிவிடுவார்கள், லாக் பார்க்கத் தேவையிருக்காது.

### இடைவெளி ஒரே சீராக இல்லை

'*/45' என்றால் 45 நிமிடத்துக்கு ஒருமுறை என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு மணியிலும் 0, 45 ஆகிய நிமிடங்களில் ஓடும். அதாவது 45 நிமிட இடைவெளி, பிறகு 15 நிமிட இடைவெளி. மணி மாறும்போது எண்ணிக்கை மறுபடி 0 ஆகிவிடுகிறது. 60-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களுக்கு மட்டுமே இந்த எழுத்து சரிப்படும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை வேண்டுமானால் இரண்டு வரி எழுத வேண்டும்:

0 0-21/3 * * *
30 1-22/3 * * *

45 நிமிடமே வேண்டும் என்று அடம் பிடித்தால் சிஸ்டம்டி டைமருக்குப் போய்விடுங்கள்.

### தேவையில்லாத நாட்களிலும் ஓடுகிறது

மாதத்தின் முதல் திங்கள் காலை 9 மணி என்று நினைத்து '0 9 1-7 * 1' எழுதுவார்கள். தேதி, கிழமை இரண்டையும் கொடுத்தால் கிரான் 'இரண்டும் பொருந்தினால்' என்று எடுத்துக்கொள்ளாது. 'ஏதாவது ஒன்று பொருந்தினால்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆகவே 1 முதல் 7 வரை எல்லா நாளும் ஓடும், அதோடு எல்லாத் திங்களும் ஓடும். கிழமையை நட்சத்திரமாக விட்டுவிட்டு, 'இன்று திங்களா' என்று ஸ்கிரிப்டின் முதல் வரியில் சோதித்து, இல்லையென்றால் வெளியேறச் சொல்லுங்கள். கிழமை எண்ணில் 0, 7 இரண்டுமே ஞாயிறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

## அறிகுறி 4: ஒரே வேலை இரண்டு முறை நடக்கிறது

ஒரே வரி உங்கள் பட்டியலிலும் ரூட்டின் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, சமீபத்தில் சர்வர் மாற்றினீர்களா? புதியதுக்குப் போன பிறகு பழையதை "ஒரு மாசம் இருக்கட்டும்" என்று விட்டுவைப்பது வழக்கம். அது சும்மா இருக்காது, தன் பட்டியலை ஓட்டிக்கொண்டுதான் இருக்கும். வாடிக்கையாளருக்கு இரண்டு எஸ்எம்எஸ் போகிறது என்றால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

இரண்டும் இல்லையென்றால், முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது கிளம்பியிருக்கலாம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை டேட்டா பெருகப் பெருக 7 நிமிடம் எடுக்க ஆரம்பிக்கும். முந்தையது முடிந்ததா என்று கிரான் பார்க்காது. கட்டளைக்கு முன்னால் 'எஃப்லாக் -என்' சேர்த்து ஒரு பூட்டுக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். பூட்டு இருந்தால் புதியது சும்மா திரும்பிவிடும். கூடவே 'டைம்அவுட்' கட்டளையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஒரு வேலை எங்காவது மாட்டி நின்றால் அதற்குப் பின் எதுவுமே ஓடாது. அறிகுறி 4-ஐச் சரி செய்யப் போய் அறிகுறி 6-ஐ வரவழைத்த கதையாகிவிடும்.

லாரவேலில் 'வித்தவுட் ஓவர்லேப்பிங்' வைத்திருப்பவர்கள் கவனிக்க: அந்தப் பூட்டு இயல்பாக 24 மணி நேரம் வரை நிற்கும். வேலை நடுவில் சர்வர் விழுந்தால் பூட்டு அப்படியே இருந்து, ஒரு நாள் முழுக்க அந்த வேலை ஓடாமல் போகும். 'ஷெட்யூல்:கிளியர்-கேச்' கட்டளை அதை எடுத்துவிடும்.

பணம் கழிக்கும் வேலை, இன்வாய்ஸ் உருவாக்கும் வேலை இரண்டு முறை ஓடிவிட்டது என்றால் நீங்களாக டேட்டாபேஸில் வரிகளை அழித்துச் சரி செய்யாதீர்கள். கிரான் வரியின் முன்னால் # போட்டு நிறுத்திவிட்டு, மென்பொருள் எழுதியவரையும் கணக்குப் பார்ப்பவரையும் ஒன்றாக உட்கார வையுங்கள்.

## அறிகுறி 5: எல்லாம் நன்றாக ஓடுகிறது, கோப்புதான் காலி

தினமும் ஒரு பேக்கப் கோப்பு உருவாகிறது. எல்லாம் சரியாக 20 பைட். வெறும் காற்றை ஜிஜிப் செய்தால் கிடைக்கும் அளவு அது. மைஎஸ்க்யூஎல்டம்ப் கடவுச்சொல் தப்பென்று விழுந்திருக்கும். ஆனால் அதன் வெளியீட்டைக் குழாய் வழியாக வாங்கும் ஜிஜிப் வெற்றி என்று சொல்லிவிடும். குழாயில் கடைசியாக நிற்பவரின் பதில்தான் மொத்தக் கட்டளையின் பதில். பாஷ் ஸ்கிரிப்டின் மேலே 'செட் -ஓ பைப்ஃபெயில்' போட்டால் நடுவில் விழுந்தாலும் தோல்வி என்று தெரியும்.

அப்புறம் அளவைச் சோதியுங்கள்: நேற்றைய கோப்பில் பாதிகூட இல்லையென்றால் எச்சரிக்கை அனுப்பச் சொல்லி ஸ்கிரிப்டில் இரண்டு வரி எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஒரு பேக்கப்பை வேறு கணினியில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

நல்ல பேக்கப் எதுவும் இல்லை, மூல டேட்டாபேஸும் திறக்கவில்லை என்ற இரட்டை நிலை வந்தால் எதையும் ரீஸ்டார்ட், ரிப்பேர் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு டேட்டா மீட்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இந்த இடத்தில் சொந்த முயற்சிதான் மிகச் செலவான வழி.

## அறிகுறி 6: மாதக்கணக்கில் ஓடியது, திடீரென்று நின்றது

யாரும் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். தானாகக் காலாவதி ஆகும் விஷயங்கள் நிறைய.

டிஸ்க் நிறைந்ததா என்று 'டிஎஃப் -எச்' கொண்டு பாருங்கள். இடம் இருந்தும் எழுத முடியவில்லை என்றால் 'டிஎஃப் -ஐ' கொண்டு பாருங்கள். சின்னச் சின்னக் கோப்புகள் குவிந்து ஐநோடு (கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் பதிவிடம்) தீர்ந்திருக்கும். பழைய பேக்கப்பை அழிக்காத பேக்கப் ஸ்கிரிப்ட்தான் வழக்கமான குற்றவாளி.

கிரான் ஓடும் பயனரின் லாகின் கடவுச்சொல் காலாவதியானாலும் வேலை நிற்கும். லாக்கில் 'ஆதென்டிகேஷன் டோக்கன்' செல்லாது என்ற ரீதியில் ஒரு வரி வரும். 'சேஜ் -எல்' (சி-எச்-ஏ-ஜி-இ) பக்கத்தில் பயனர் பெயர் கொடுத்தால் காலாவதித் தேதி தெரியும். அதே போல ஏபிஐ சாவி, கூகுள் டோக்கன், எஸ்எஸ்எல் சான்றிதழ் இவற்றின் தேதியையும் பாருங்கள்.

பட்டியலே காலியா? 'கிரான்டேப் -இ' திருத்துவதற்கு. '-ஆர்' மொத்தத்தையும் அழிப்பதற்கு. விசைப்பலகையில் இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில். சாதாரணமாக அது 'நிச்சயமா' என்றுகூடக் கேட்காது. பழைய லாக்கில் உள்ள 'சிஎம்டி' வரிகளை வைத்துப் பட்டியலைத் திரும்ப எழுதலாம். இனிமேலாவது வாரம் ஒருமுறை 'கிரான்டேப் -எல்' வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்.

இந்த அறிகுறியில் பெரிய பிரச்சினை, நின்றது தெரியவே நாள் கணக்காகும் என்பது. வேலை முடிந்ததும் ஓர் இணைய முகவரியைத் தட்டச் சொல்லுங்கள். தட்டல் வராவிட்டால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். ஹெல்த்செக்ஸ்.ஐஓ இதற்கென்றே இருக்கும் சேவை, சொந்தச் சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம்.

## கிரான் அல்லாத இடங்களில்

விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர். வரலாறு பதிவு இயல்பாக அணைந்திருக்கும், முதலில் அதை இயக்குங்கள். லேப்டாப் என்றால் 'சார்ஜரில் இருக்கும்போது மட்டும்' என்ற டிக் இயல்பாகவே போட்டிருக்கும். 'பயனர் லாகின் செய்திருந்தால் மட்டும்' என்ற தேர்வையும் பாருங்கள். விளைவு 0எக்ஸ்1 என்று வந்தால் 'ஸ்டார்ட் இன்' பெட்டியில் ஸ்கிரிப்டின் போல்டரை எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். 'இசட்' டிரைவ் என்று எழுத்து கொடுத்து இணைத்த நெட்வொர்க் போல்டர் ஷெட்யூலருக்குத் தெரியாமல் போகலாம். சர்வர் பெயரோடு முழுப் பாதையைக் கொடுங்கள். லாகின் கடவுச்சொல்லை மாற்றினால் டாஸ்க்கிலும் மாற்ற வேண்டும்.

வேர்ட்பிரஸ். காலை 6 மணிக்குக் குறித்த பதிவு வெளியாகவில்லை என்றால்: யாராவது தளத்துக்கு வந்தால்தான் அதன் உள் கிரான் விழிக்கும். வாசகர் குறைந்த தளம், அல்லது கேச் செருகி எல்லாப் பக்கத்தையும் தானே பரிமாறும் தளம் என்றால் வேலை தேங்கும். உள் கிரானை அணைத்துவிட்டு, ஹோஸ்டிங் பேனலில் உண்மையான கிரான் வைத்து 5 அல்லது 10 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்புங்கள்.

என்8என். காலை 6 மணி வேலை மாலை 3:30க்கோ 4:30க்கோ ஓடினால், நீங்கள் நியூயார்க் நேரத்தில் இருக்கிறீர்கள். சொந்தச் சர்வரில் நிறுவினால் அதுதான் இயல்பு மண்டலம். பணியோட்டத்தின் அமைப்பிலோ 'ஜெனரிக் டைம்சோன்' மாறியிலோ மாற்றுங்கள். ஓடவே இல்லையென்றால் பணியோட்டம் இயக்கப்பட்டிருக்கிறதா (பழைய பதிப்புகளில் 'ஆக்டிவ்', புதியவற்றில் 'பப்ளிஷ்') என்று பாருங்கள். சோதனைப் பொத்தான் வேலை செய்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கிட்ஹப் ஆக்ஷன்ஸ். 5 நிமிடத்துக்குக் குறைவான இடைவெளி கிடையாது. மணி தொடங்கும் நேரத்தில் கூட்டம் அதிகம் என்பதால் தாமதமாகும்; 0-க்குப் பதில் 17 மாதிரி ஒரு நிமிடத்தை வையுங்கள். முதன்மைக் கிளையில் உள்ள கோப்பு மட்டுமே ஓடும். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் தானாக நிறுத்திவிடும்.

கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். 'தினமும் 9 முதல் 10 வரை' என்று வைத்தால் அந்த ஒரு மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் ஓடும். துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். ஓர் ஓட்டம் 6 நிமிடத்தைத் தாண்டினால் வெட்டிவிடும். ட்ரிகர் அதை உருவாக்கியவரின் கணக்கில் ஓடுவதால், அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு மூடப்பட்டால் ட்ரிகரும் போய்விடும்.

## அறிகுறி 7: நீங்கள் எழுதாத வரி கிரான்டேப்பில் இருக்கிறது

நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வரி. எங்கோ ஓர் எண் முகவரியிலிருந்து 'கர்ல்' அல்லது 'டபிள்யூகெட்' வழியாக எதையோ இறக்கி நேராக ஷெல்லுக்குக் கொடுக்கிறது. சர்வர் மந்தமாக இருக்கிறது, 'டாப்' கட்டளையில் தெரியாத பெயர் ஒன்று சிபியு முழுவதையும் தின்கிறது. உங்கள் சர்வரில் வேறு யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு எளிய காரணம், செலவான காரணம் என்ற வரிசை கிடையாது. அந்த வரியை அழித்தால் சில நிமிடத்தில் திரும்ப வரும், ஏனென்றால் அதைத் திரும்ப எழுத வேறு ஏற்பாடும் செய்து வைத்திருப்பார்கள். வரியைப் படம் எடுத்து வையுங்கள். முடிந்தால் சர்வரின் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுங்கள். ஹோஸ்டிங் பேனலிலிருந்து வெளி இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு பாதுகாப்பு தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். வழக்கமாக அவர் சர்வரைச் சுத்தம் செய்ய மாட்டார், புதிதாக ஒன்றை நிறுவச் சொல்வார், தயாராக இருங்கள். அந்தச் சர்வரில் இருந்த எல்லாக் கடவுச்சொல்லும் சாவியும் மாற வேண்டும். பழைய பேக்கப்பிலிருந்து டேட்டாவை மட்டும் எடுங்கள், ஸ்கிரிப்டுகளையும் கிரான்டேப்பையும் அப்படியே நகல் எடுத்துப் புதிய சர்வரில் போட்டுவிடாதீர்கள்.